ஜெபத்தில் உட்காரும்போது மனதில் ஓடுவது எது?

ஊடகம் என்றதுமே சபையில் பேச்சு ஆபாசம், வன்முறைப் படங்கள் என்று போய்விடுகிறது. அதைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். நான் பகிர நினைப்பது, பாவம் என்று யாருமே சொல்லாத சாதாரணப் பழக்கங்களைப் பற்றி.

ஒரு ஜெபக் கூடுகையில் மூத்த சகோதரர் ஒருவர், "கொஞ்ச நேரம் யாரும் வாய்விட்டு ஜெபிக்க வேண்டாம். கர்த்தருடைய சமுகத்தில் சும்மா உட்காருங்கள். மனதில் தானாக எது வருகிறதோ அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எழுதினேன். காலையில் பார்த்த விளையாட்டுச் செய்தி, யாரோ போட்டிருந்த புது வீட்டுப் படம், பாதிப் பாட்டு, விவாதத்தில் கத்திய ஒருவருடைய முகம், என் பதிவுக்கு யாராவது பதில் எழுதியிருப்பார்களா என்ற நினைப்பு. கெட்டது என்று ஒன்றும் இல்லை. ஆனால் யாருக்காக ஜெபிக்க வந்தேனோ அவர்களில் ஒருவர்கூட அந்தத் தாளில் இல்லை.

கூடுகை முடிந்து அவரிடம் இதைச் சொன்னபோது, "இதைக் கவனச்சிதறல் என்று நினைக்காதே தம்பி. இன்றைக்கு நீ தியானம் பண்ணியதுதான் திரும்பி வருகிறது. முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கிற மனுஷன் என்று வருகிறதே, நாம் எல்லாருமே இரவும் பகலும் எதையாவது தியானித்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்றார்.

அதற்கப்புறம் கவனிக்கத் தொடங்கியது இன்னொன்று. முன்பெல்லாம் இணையப் பக்கம் ஓரிடத்தில் முடியும். அடுத்த பக்கத்துக்குப் போக நாம்தான் அழுத்த வேண்டும். 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும் பக்கத்தை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பக்கம் முடிகிற இடம் போனதோடு, போதும் என்று நாம் தீர்மானிக்கிற கணமும் போய்விட்டது. வரிசையில் நிற்கும்போது, நடக்கும்போது, தூக்கம் வருவதற்கு முன்னால், ஒரு வரி ஜெபம் ஏறெடுக்க முடிந்த வேளைகளையெல்லாம் அது எடுத்துக்கொள்கிறது. "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்று பவுல் எழுதியதை இந்தச் சின்ன வேளைகளில்தான் கைக்கொள்ள முடியும் என்பது என் எண்ணம்.

* * *

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்தேன். பார்ப்பதுதான் ஜெபத்தில் திரும்பி வருகிறது என்பது எனக்குச் செய்தி விவாதங்களில் தெரிந்தது. தினமும் பார்ப்பேன், உலக நடப்பு தெரிய வேண்டுமே என்றுதான். அதிகாரமுள்ள யாவருக்காகவும் விண்ணப்பம் பண்ணுங்கள் என்று 1 தீமோத்தேயு 2-இல் இருக்கிறது இல்லையா, ஒரு காலையில் அதை வாசித்துவிட்டு ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு தலைவரின் பெயரை என்னால் சொல்லவே முடியவில்லை. நேரில் பார்த்தறியாத மனிதர்மேல் அவ்வளவு கசப்பு. அது நானாகச் சேர்த்த கசப்பும் இல்லை. ஒவ்வொரு மாலையும் யாரோ ஊட்டியது.

இப்போது செய்தியை வாசிக்கிறேன், விவாதம் பார்ப்பதில்லை. ஒரு செய்தி வாசித்தால் அதில் வருகிற ஒருவருக்காக ஜெபித்துவிட்டுத்தான் அடுத்தது. வேகம் தானாகக் குறைந்துவிடுகிறது, அதுவே பெரிய உதவி. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன்.

* * *

நீங்கள் இருவரும் எழுதியதோடு, நல்லதைக் கேட்பதிலும் இது உண்டு என்று நானும் சேர்த்துக்கொள்கிறேன். என் தோழி ஒருத்தி எழுந்ததிலிருந்து படுக்கும்வரை பிரசங்கங்களைக் கேட்பாள், அதுவும் வேகத்தைக் கூட்டிவைத்து. தன் சபைப் போதகர் நிதானமாகப் பேசினால் அவளால் உட்கார முடியவில்லை. "தேவனைப் பற்றி எவ்வளவோ கேட்கிறேன். அவரோடு பேசித்தான் வெகுநாளாகிறது" என்று அவளே ஒருநாள் அழுதாள். எனக்கு மாற்கு 1:35 நினைவுக்கு வந்தது. முந்தின மாலை பட்டணமே வாசலில் கூடியிருந்தது. மறுநாள் அதிகாலையில், இருட்டோடே, இயேசு தனியாக ஜெபிக்கப் போய்விட்டார். "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்று சீஷர்கள் பின்னாலேயே வந்து சொன்னது பொய்யில்லை. தேவை உண்மையாகவே இருந்தது. அப்படியிருந்தும் அவர் முதலில் பிதாவிடம் போனார்.

* * *

நான் நடத்தும் வாலிபர் வேதபாட வகுப்பில் நடந்ததை நானும் சொல்கிறேன். ஆதிச் சபையின் போதகர்களில் ஒருவரான அகஸ்டின் தன் நண்பர் அலிப்பியஸைப் பற்றி எழுதியதை அன்று பேசினோம். ரோமில் மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் அரங்கத்துக்கு அலிப்பியஸை நண்பர்கள் வலுக்கட்டாயமாக இழுத்துப்போகிறார்கள். என் உடல்தான் இங்கே இருக்கும் என்று சொல்லி அவர் கண்களை மூடிக்கொள்கிறார். திடீரென்று கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. என்ன என்று பார்க்கக் கண்ணைத் திறக்கிறார், அவ்வளவுதான், அந்த வெறி அவரையும் பிடித்துக்கொள்கிறது. தேவனைச் சாராமல் தன் பலத்தை நம்பியதுதான் அவருடைய பலவீனம் என்கிறார் அகஸ்டின்.

வகுப்பில் அதிகம் பேசாத ஒரு தம்பி உடனே சொன்னான்: "அண்ணா, அவர் கண்ணை மூடினார், காதை மூடவில்லை. எனக்கும் போனில் அந்தச் சின்னச் சத்தம் வந்தால் போதும், கை தானாகப் போகிறது." மன உறுதி வேண்டும் என்று நான் தயாரித்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, அந்தச் சத்தத்தைப் பற்றியே அன்று முழுக்கப் பேசினோம். அவனும் ஒரு நண்பனும் வேதம் வாசிக்கும் நேரத்தில் போனை அணைத்து அடுத்த அறையில் வைப்பதாகவும், வாசித்ததை மாலையில் ஒருவருக்கொருவர் சொல்வதாகவும் தீர்மானித்தார்கள். சில நாள் நடக்கிறது, சில நாள் விட்டுப்போகிறது, மறுபடி தொடங்குகிறார்கள்.

ஆனால் எந்த நேரமும் அழைப்பு வரக்கூடிய வேலையில் இருப்பவர்களுக்கு, நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு, போனை அணைத்துவிடு என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். வகுப்பில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.