புதுப்பிப்பு: ஃபோம் டயர் விளிம்பு கிழியும் பிரச்சினை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கார்பெட் டிராக்கில் ஓடும் என் 1/12 (நிஜக் காரின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு) ரிமோட் காரின் முன் ஃபோம் (பஞ்சு போன்ற) டயர், டிராக் ஓரத்துப் பலகை விளிம்பில் உரசும்போதெல்லாம் துண்டு துண்டாகப் பிய்ந்து போகிறது, என்ன செய்யலாம் என்று. பக்கச் சுவரில் சுப்பர் குளூ பூசிப் பார்க்கும்படி ஒரு அண்ணா சொன்னார். செய்தேன், உண்மையிலேயே பலன் இருக்கிறது.

முதலில் டயரைச் சுற்றவிட்டு, வெளி விளிம்பின் கூர்மையை உப்புத்தாளால் உருட்டிவிட்டேன். கூரான விளிம்புதான் முதலில் மாட்டிக் கிழிகிறது. அப்புறம் தண்ணீர் போல இளகிய குளூவை வெளிப் பக்கச் சுவரில் மெல்லியதாகப் பூசினேன். தரையில் படும் முகத்தில் ஒரு சொட்டும் படக்கூடாது, பட்டால் அந்த இடத்தில் பிடிப்பு போய்விடும். இந்தக் குளூ காற்றிலுள்ள ஈரத்தில்தான் இறுகும். வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் பக்கத்து வீடு என்பதால் சட்டென்று காய்ந்துவிட்டது. பருத்தித் துணியால் மட்டும் துடைக்காதீர்கள், குளூ பட்டால் துணி கடுமையாகச் சூடாகும். ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

இன்னொரு நன்மை, வளைவில் கார் உருண்டு கவிழ்வதும் குறைந்திருக்கிறது.

டயருக்குப் பிடிப்புக் கூடப் பூசும் திரவத்தை இரவு முழுக்க ஊறவிட்டதும் என் தவறுதான். ஃபோம் மென்மையாகிச் சீக்கிரம் கிழிந்தது. இப்போது ஓட்டம் முடிந்ததும் துடைத்து, டயர் தரையைத் தொடாதபடி காரைத் தாங்கியில் வைக்கிறேன். அப்படியே நிறுத்தினால் ஒரு பக்கம் தட்டையாகிவிடுகிறது.

பின் டயருக்கு இன்னும் பூசவில்லை. யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.