36 மில்லியன் கேப் ஸ்பேஸ் இருந்தும் ட்ரேடு செல்லாதுன்னு வருது, எங்கே தப்பு?

கோர்ட்சைடு23:
என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) விதிகளை அப்படியே பின்பற்றும் மேனேஜர் லீக் ஒன்றில் நான் நடத்தும் அணிக்கு உதவி வேணும். 2025-26 சீசன் கணக்கு. எல்லாத் தொகையும் மில்லியன் டாலரில்.

சாலரி கேப் (அணிச் சம்பளத்துக்கான வரம்பு) 154.647. கையெழுத்தான 9 பேருக்கு மொத்தம் 118.2. அப்போ 36.447 காலியா இருக்கணும். சம்பளம் அதிகமானால் விழும் வரியிலிருந்து தப்பிக்கப் பார்க்கும் ஓர் அணி, ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் இருக்கும் 30.0 சம்பள ஆட்டக்காரரையும் கூடவே ஒரு முதல் சுற்று பிக்கையும் (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) தருது. நான் ஒரு இரண்டாம் சுற்று பிக் மட்டும் கொடுத்தால் போதும். ஆனா ட்ரேடு செக்கர் (ட்ரேடு விதிப்படி செல்லுமான்னு பார்க்கும் கருவி), "கேப்புக்கு மேலுள்ள அணி, சம்பளம் பொருந்தவில்லை"ன்னு தள்ளிவிடுது.

மற்ற விவரம்: எங்க ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிஞ்சவர்) ஒருத்தர் இன்னும் கையெழுத்துப் போடலை. போன வருடச் சம்பளம் 6.0, முழு பேர்ட் உரிமை (கேப்பைத் தாண்டியும் அவரை மறுபடி எடுக்கும் உரிமை) இருக்கு. இந்த வருட முதல் சுற்று பிக்கில் எடுத்தவரும் இன்னும் கையெழுத்துப் போடலை, ஸ்கேல் தொகை (புதியவருக்கு லீக் வகுத்த சம்பளம்) 4.0. போன சீசனில் கிடைத்த 8.0 ட்ரேடு எக்ஸப்ஷன் (கேப்பைத் தாண்டி ட்ரேடில் ஆள் வாங்க உதவும் சலுகை) ஒன்று பாக்கி. மிட்-லெவல், பை-ஆனுவல் எக்ஸப்ஷன்களையும் (கேப்பைத் தாண்டி ஒப்பந்தம் போட உதவும் சலுகைகள்) தொடவே இல்லை.

கேப்ஷீட்:
செக்கர் சொல்வது சரி. கையெழுத்தானவர்களின் சம்பளத்தை மட்டும் கழித்திருக்கிறீர்கள். கேப்பில் ஏறுவது அது மட்டும் இல்லை.

ஃப்ரீ ஏஜென்டுக்கு கேப் ஹோல்டு (அவருக்காக கேப்பில் ஒதுக்கி வைக்கும் தொகை) உண்டு. முழு பேர்ட் உரிமை இருந்து, பழைய சம்பளம் லீக் சராசரிக்குக் கீழே இருந்தால் அதில் 190%. சராசரிக்கு மேல் என்றால் 150%. (ரூக்கி ஸ்கேல், அதாவது புதியவருக்கான முதல் ஒப்பந்தம் முடிந்து வருபவருக்கு விகிதம் வேறு, இன்னும் கனமானது.) உங்கள் ஆளுக்கு 6.0 × 1.9 = 11.4. கையெழுத்தாகாத முதல் சுற்று பிக்குக்கு ஸ்கேலின் 120%, அதாவது 4.8. இப்போது பட்டியலில் 9 + 1 + 1 = 11 பேர். 12 பேருக்குக் குறைந்தால், குறையும் ஒவ்வோர் இடத்துக்கும் ரூக்கி குறைந்தபட்சச் சம்பளம் 1.273 சேரும்.

118.2 + 11.4 + 4.8 + 1.273 = 135.673. இதுவரை உண்மையான இடம் 18.974 தான்.

இதற்கு மேல்தான் பலரும் கவனிக்காத இடம் வருகிறது. பயன்படுத்தாத எக்ஸப்ஷன்களும் கைவிடும்வரை அணிச் சம்பளத்தில் சேரும். மிட்-லெவல் 14.104, பை-ஆனுவல் 5.134. இந்த இரண்டிலேயே 154.911 ஆகி கேப்பைத் தாண்டிவிடுகிறது. ட்ரேடு எக்ஸப்ஷன் 8.0-ஐயும் கூட்டினால் 162.911. அதனால்தான் நீங்கள் கேப்புக்கு மேலுள்ள அணி.

ஆறாவது_ஆள்:
அப்போ மூணு எக்ஸப்ஷனையும் விட்டாலும் 18.974 தானே? 30.0 ஆளை எடுக்கவே முடியாது. சின்ன ஒப்பந்தமா தேடுங்க.

கேப்ஷீட்:
முடியும். ஃப்ரீ ஏஜென்டையும் ரினவுன்ஸ் செய்தால் (அவர் மீதான உரிமையைக் கைவிட்டால்) 11.4 போய்விடும். இந்தக் கணக்கை ட்ரேடுக்கு முன் இருக்கும் நிலையில் பார்க்கக் கூடாது, முடிந்த பின் இருக்கும் நிலையில் பார்க்க வேண்டும். வருகிறவர் ஓர் இடத்தை நிரப்புவதால் ஒரு காலி இடக் கட்டணம் தானாகக் குறையும்.

118.2 + 4.8 + 30.0 = 153.0. ஆட்கள் 11, ஆகவே ஒரு கட்டணம் 1.273. மொத்தம் 154.273. கேப்புக்குள்ளேயே நிற்கிறது. இடத்தைப் பயன்படுத்தும் ட்ரேடில் கேப்புக்கு மேல் 0.250 வரை போகவும் அனுமதி உண்டு, எனவே உங்கள் உச்சவரம்பு 154.897.

ஆனால் ரினவுன்ஸ் செய்தால் பேர்ட் உரிமை போய்விடும். அவரை மறுபடி எடுக்க கேப் ஸ்பேஸோ ரூம் எக்ஸப்ஷனோ (கேப் இடத்தைப் பயன்படுத்திய அணிக்கான சலுகை) குறைந்தபட்ச ஒப்பந்தமோ வேண்டும். சைன்-அண்ட்-ட்ரேடும் (கையெழுத்திட்டு உடனே வேறு அணிக்கு அனுப்புவது) செய்ய முடியாது.

பிக்_ஸ்வாப்:
அந்த ஃப்ரீ ஏஜென்ட் வேணும்னா வேற வழி இருக்கு. 11.0 சம்பளத்தில் ஒருத்தர் இருந்தால் அவரை எதிரணிக்கு அனுப்புங்க. 118.2 − 11.0 + 11.4 + 4.8 + 30.0 = 153.4 + ஒரு காலி இடம் 1.273 = 154.673. கேப்புக்கு 0.026 மேலே, ஆனா 0.250 சலுகைக்குள்ள. ட்ரேடு முடிஞ்ச பிறகு ஃப்ரீ ஏஜென்டுக்கு பேர்ட் உரிமையில் கேப்பைத் தாண்டியே சம்பளம் கொடுக்கலாம். முதல்ல ட்ரேடு, அப்புறம் கையெழுத்து. வரிசை மாறி அவருக்கு 11.4-க்கு மேல் கொடுத்துட்டீங்கன்னா ட்ரேடு செத்துப்போகும். ஒரே ஆபத்து, நீங்க காத்திருக்கும்போது இன்னொரு அணி அவரைத் தூக்கிட்டுப் போகலாம்.

மூணாவது வழி, கேப்புக்கு மேலுள்ள அணியாவே இருப்பது. 8.277-லிருந்து சுமார் 33.1 வரை அனுப்பும் அணி, அனுப்பும் தொகையோடு 8.527 கூட்டி வாங்கலாம். 11.0-ம் 10.5-ம் சேர்த்து 21.5 அனுப்பினால் 30.027 வரை வரலாம். மிட்-லெவல், பை-ஆனுவல், ட்ரேடு எக்ஸப்ஷன் எல்லாம் கையில் நிற்கும். அனுப்பியதைவிட அதிகம் வாங்குறதால முதல் ஏப்ரன் (கேப்புக்கு மேலே உள்ள இன்னொரு வரம்பு) 195.945-ல் ஹார்டு கேப் (தாண்டவே முடியாத வரம்பு) விழும், உங்க அளவுக்கு அது தொந்தரவே இல்லை. ஆனா நல்ல ஆட்டக்காரர் ரெண்டு பேர் போயிடுவாங்க. அந்த 8.0 ட்ரேடு எக்ஸப்ஷனை இந்த 21.5-ஓட கூட்ட முடியாது, அதையும் முயற்சி பண்ணாதீங்க.

கோர்ட்சைடு23:
ரொம்ப நன்றி. ஃப்ரீ ஏஜென்ட் எனக்கு அவசியமில்லை, அதனால முதல் வழியில் போனேன். மூணு எக்ஸப்ஷனையும் ஃப்ரீ ஏஜென்டையும் கைவிட்டேன். இப்போ "3.876 அதிகம்"னு வருது! 154.273 வரணும், செக்கர் 158.773 காட்டுது.

கேப்ஷீட்:
வித்தியாசம் சரியாக 4.5, அது 30.0-இல் 15%. வருகிறவரின் ஒப்பந்தத்தில் ட்ரேடு போனஸ் (ட்ரேடு ஆனால் அவருக்குக் கிடைக்கும் கூடுதல் தொகை) இருக்கிறது. 15% தான் அதன் உச்சம். அனுப்பும் அணி போனஸைக் கட்டினாலும், வாங்கும் அணியின் கேப்பில்தான் அது ஏறும். அனுப்பும் அணிக்கு அவர் 30.0, உங்களுக்கு 34.5.

இரண்டு தீர்வு. ட்ரேடு செல்லுபடியாக வேண்டும் என்பதற்காக ஆட்டக்காரர் போனஸை முழுதாகவோ ஒரு பகுதியையோ விட்டுக்கொடுக்கலாம். உங்களிடம் மிச்சம் இருப்பது 154.897 − 154.273 = 0.624. அதற்கு மேல் உள்ள 3.876-ஐ அவர் விட வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் நீங்கள் சம்பளம் அனுப்ப வேண்டும். ஆனால் 3.9 ஆளை அனுப்பினால் போதாது: ஒருவர் போனதும் இன்னொரு காலி இடக் கட்டணம் 1.273 முளைக்கும். குறைந்தது 5.149 அனுப்புங்கள்.

கோர்ட்சைடு23:
5.6 ஆள் ஒருத்தர் இருக்கார். 158.773 − 5.6 + 1.273 = 154.446. செக்கர் பச்சை காட்டிடுச்சு. ஆனா தேதி ஜூலை 3, "நிலுவை"ன்னு இருக்கு.

ஆறாவது_ஆள்:
அது மொரட்டோரியம் (ட்ரேடு பதிவாகாத இடைக்காலம்). ஜூலை 6 நண்பகலுக்குப் பிறகு ஏறிடும். நான் முன்னாடி சொன்னது தப்பு, ட்ரேடு முடிஞ்ச பின் நிலையைப் பார்க்காம விட்டுட்டேன்.

ஒரு கேள்வி: 30.0 சம்பளத்தை வாங்குறதுக்கு ஒரு பிக் சரியான விலையா?

பிக்_ஸ்வாப்:
உண்மை உதாரணம் ரெண்டு பாருங்க. 2025 கோடையில் புரூக்ளின், மைக்கேல் போர்ட்டர் ஜூனியரின் சுமார் 38.3-ஐ தன் கேப் ஸ்பேஸில் ஏற்றிக்கிட்டு, அவரைவிடக் குறைந்த சம்பளமுள்ள கேமரன் ஜான்சனை டென்வருக்குக் கொடுத்தது. கூலியா வந்தது பாதுகாப்பு நிபந்தனை (பிக் முன் இடங்களில் விழுந்தால் கொடுக்காம வச்சுக்கிறது) எதுவும் இல்லாத 2032 முதல் சுற்று பிக். 2024-ல் டெட்ராய்ட், டிம் ஹார்டவே ஜூனியரின் சுமார் 16.2-ஐ வாங்கி, குவெண்டின் கிரைம்ஸை டாலஸுக்குக் கொடுத்து, மூணு இரண்டாம் சுற்று பிக் வாங்கியது. 30.0-க்கு ஒரு முதல் சுற்று நியாயமான விலைதான். ஆனா அந்தப் பிக்கில் பாதுகாப்பு எத்தனை இடம் வரைன்னு பார்த்துட்டு ஒத்துக்கோங்க. லாட்டரி (முதல் 14 இடம்) முழுக்கப் பாதுகாப்புன்னா நான் இந்த விலைக்குப் போக மாட்டேன்.

கேப் இடத்தை பிப்ரவரி ட்ரேடு கெடு வரைக்கும் வச்சிருக்கலாமேன்னு நினைக்கிறவங்களுக்கு: சீசன் முதல் நாளில் அணிச் சம்பளம் கேப்பின் 90%, அதாவது 139.182-ஐத் தொடலைன்னா, வரி கட்டும் அணிகளிடமிருந்து வரும் பங்கு கிடைக்காது.

கோர்ட்சைடு23:
கடைசியா ஒண்ணு. வந்தவரை உடனே இன்னொருத்தரோட சேர்த்து வேற அணிக்கு அனுப்பலாமா?

கேப்ஷீட்:
அனுப்பலாம். கேப் ஸ்பேஸில் வாங்கியவரை உடனே மற்றவர் சம்பளத்தோடு கூட்டலாம். எக்ஸப்ஷனில் வாங்கியிருந்தால் கூட்டுவதற்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். தனியாக அனுப்ப அந்தத் தடையும் இல்லை.

இப்போது உங்களிடம் ரூம் எக்ஸப்ஷன் 8.781 இருக்கிறது. அதைக் கையெழுத்துக்கும் பயன்படுத்தலாம், அந்தத் தொகைக்குள் சம்பளமுள்ள ஒருவரை ட்ரேடில் எடுக்கவும் பயன்படுத்தலாம். முதல் சுற்று பிக்குக்கு 120% கொடுப்பதாக இருந்தால், கணக்கில் ஏற்கெனவே 4.8 இருப்பதால் எப்போது கையெழுத்திட்டாலும் மொத்தம் மாறாது. அவரையும் அடுத்த ட்ரேடில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள், கையெழுத்தான நாளிலிருந்து 30 நாள் அவரை அனுப்ப முடியாது.