ராஸ்பெரி பைக்கு ஃபேனும் ஹீட்சிங்கும் போட்ட இடத்தில கண்டது: அனுபவப் பகிர்வு

பாலத்தடி, கல்லடி

ஒரு விசயம் மனதை விட்டுப் போகுதில்லை, அதால எழுதுறன். பை 4, கையளவு போட்டில வாற சின்னக் கணினி. நாலு கமராவைப் பதிவு செய்யிற போட். தகரக் கூரைக்குக் கீழ சுவரில மாட்டினது. அலுமினியம் கேஸ், அதுக்கு மேல 30 மிமீ ஃபேன், எல்லாம் புதுசு. திரையில 84 பாகை. கேஸ் மூடியில விரலை வச்சா குளிர்ச்சி.

அந்தக் குளிர்ச்சிதான் விடை. சிப் கொதிக்கேக்க மேல இருக்கிற உலோகம் குளிராக் கிடந்தா, சூடு மேல ஏறவே இல்லை. ஃபேன் சும்மா குளிர்ந்த தகட்டுக்குக் காத்து அடிச்சுக்கொண்டு நிண்டிருக்கு. நாலு ஸ்குரூவையும் கழட்டிப் பார்த்தால், சிப்புக்கும் கேஸுக்கும் நடுவில சூடு கடத்த வைக்கிற மெத்தைத் துண்டு, பேட், புதுசு மாதிரியே இருந்திச்சு, சிப்பின்ர சதுர அச்சு அதில விழவேயில்லை. கேஸோட வந்த 1 மிமீ பேட் எங்கையோ துலைஞ்சு, பதிலுக்கு 0.5 மிமீ பேட் வச்சிருக்கு. மிச்ச அரை மில்லிமீட்டர் காத்து. காத்து அரை மில்லிமீட்டர் நிண்டாலே போதும், அந்த வழியால சூடு போகாது.

பேட்டை எப்பவும் கழட்டி அச்சைப் பாருங்க. சதுரம் நாலு மூலையும் விழுந்திருக்கோணும். இடைவெளி தெரியாட்டி, பிள்ளைகள் விளையாடுற பிளாஸ்டிசீனில பட்டாணி அளவு எடுத்து சிப்புக்கு மேல வச்சு, ஒரு துண்டு பொலித்தீன் போட்டு, கேஸை முழுக்க இறுக்கிக் கழட்டுங்க. நசுங்கின தடிப்பை வேனியர் இடுக்கிமானியால அளந்து, அதை விடக் கால் மில்லிமீட்டர் கூடின பேட் வாங்குங்க. ரெண்டு பக்கத் தாளையும் உரிச்சாச்சா எண்டு வெளிச்சத்தில பிடிச்சுப் பார்க்கிறதும் முக்கியம். ஒரு பக்கம் நிறமில்லாத தாள், கண்ணுக்குத் தெரியாது.

கணக்கு வேணுமெண்டால், சிப் மூடி 15க்கு 15 மிமீ, முழு வேலையில 5 வாட் எண்டு வையுங்க. 1 மிமீ பேட், கடத்துதிறன் 1.5 எண்டு போட்டது: பேட்டுக்குள்ளயே 15 பாகை போகும். 0.25 மிமீ ஒட்டு டேப், 0.6 எண்டது: 9 பாகை. பேஸ்ட் மெல்லிசாப் பூசினால் அரைப் பாகை கூட வராது, ஆனால் பேஸ்ட் ஒட்டாது, கிளிப்போ ஸ்குரூவோ அழுத்திப் பிடிக்கோணும். அதால எந்த ஹீட்சிங்க் (சிப்பின்ர சூட்டை வாங்கிக் காத்துக்கு விடுற உலோகத் துண்டு) எண்டு தேட முதல், அது எப்படிப் பிடிபடுது எண்டு பாருங்க.

நூல்கடை, மருதமுனை

பாலத்தடி அண்ணே, பேட் சரி. ஆனா தகரக் கூரையை ஒரு சொல்லோட விட்டுட்டீங்க, பாதிப் பிரச்சினை அங்க இரிக்கு.

வெளிநாட்டு வீடியோவில ஒருத்தர் 20 பாகை அறையில சோதிச்சு 62 என்டு காட்டுவார். அந்த 62ல 42 தான் போட்டின்ர சொந்தச் சூடு. அதே ஹீட்சிங்க் இங்க 34 பாகை அறையில 76 காட்டும். கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாசம் கூரைக்குக் கீழ 45 போனா 87. பை 4ம் பை 5ம் 80ல வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், 85ல கடுமையாக் குறைக்கும். அப்ப வீடியோவில "போதும்" என்ட ஹீட்சிங்க் இங்க போதாது. வாங்க முதல் அவங்கட அறைச் சூட்டைக் கழிச்சு, உங்கட இடத்துச் சூட்டைக் கூட்டிப் பாருங்க. உங்கட இடம் என்டா அறை நடுவில்ல, போட் இருக்கிற மூலையில அளந்தது.

தறிக் கொட்டிலில கண்டது: ஒன்பதடி உயரத்தில கிடந்த போட் 79 காட்டிச்சு. ஒரு சாமானும் மாத்தாம மூணடிக்கு இறக்கினதும் 70. ஒன்பது பாகைக்கு நாலடி வயரும் ரெண்டு ஆணியும்தான் செலவு.

நெல்மில், சம்மாந்துறை

இங்க உமித்தூசி. பை 5க்கு வாற அக்டிவ் கூலர், ஃபேனும் ஹீட்சிங்கும் ஒண்டாச் சேர்ந்தது, போட்ட போட். அறுவடை முடிஞ்ச கையோட திறந்து பார்த்தா, அலுமினியச் செட்டைகளுக்கு இடையில தூசி கம்பளி மாதிரி திரண்டு கிடக்குது. ஃபேன் இலை ஒரு பக்கம் துடிச்சுத் துடிச்சு நிக்குது, சுத்துறதில்ல. காதை வச்சாத்தான் மெல்லிய முனகல் கேக்கும். அந்தத் துடிப்பு இன்னும் கண்ணில நிக்குது, ஏனென்டா வெளியில பார்க்க எல்லாம் சரியாத்தான் இருந்திச்சு.

நாலு வயர் ஃபேனில ஒரு வயர் சுழற்சியைச் சொல்லும். பை 5ல அதை வாசிக்கலாம், /sys கோப்புறைக்குள்ள hwmon கீழ fan1_input என்ட கோப்பு. போட் சூடா இருக்கேக்க அதில பூச்சியம் வந்தா ஃபேன் இறுகிட்டு. பத்து நிமிசத்துக்கு ஒரு தரம் வாசிச்சு போனுக்குச் செய்தி அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். ரெண்டு வயர் ஃபேனுக்கு இந்த வசதி இல்ல.

துப்புரவாக்கேக்க இலையை ஒரு குச்சியால பிடிச்சிட்டு ஊதுங்க. கம்பிரசர் காத்து ஃபேனை அளவுக்கு மிஞ்சிச் சுத்த வச்சா பேரிங் போயிடும். கூலரைக் கழட்டிக் கழட்டிப் பூட்டவும் வேணாம். அந்த ஸ்பிரிங் ஊசியும் பேடும் ஒரு தரம் பூட்டத்தான், திரும்பப் பூட்டினா பிடிப்பு குறையும். கழட்டாமலே தூரிகையால எடுக்கலாம்.

சோல்டர், அக்கரைப்பற்று

ரெண்டு வயர் ஃபேன் என்டதும் சொல்லாம இருக்க ஏலாது. ஒரு பை 4, ஃபேனின்ர சிவப்பு வயரை நேரா ஜிபிஐஓ 14ல, போட்டின்ர சைகைப் பின்களில ஒண்டில, குத்தி, raspi-config மெனுவில ஃபேனை ஓன் பண்ணியிருக்கு. ஃபேன் அரைச் சுத்துச் சுத்தி நிண்டிச்சு. அதோட அந்தப் பின் செத்தது, மறுகா எந்த வேலைக்கும் எழும்பல.

ஒரு ஜிபிஐஓ பின் தாங்கிறது 16 மில்லியம்பியர், அதுவும் 3.3 வோல்ட்டில. 30 மிமீ ஃபேன் கேக்கிறது 100இல இருந்து 200. மெனுவில கேக்கிற பின், சைகைக்கு மட்டும்தான். கறண்ட் 5 வோல்ட் பின்னில இருந்து வரோணும், நடுவில ட்ரான்சிஸ்டர் இருக்கோணும்.

வேண்டியது: எஸ்8050 இல்லாட்டி 2என்2222 ஒண்டு, 1 கிலோ ஓம் தடை ஒண்டு, 1என்4148 டயோட் ஒண்டு. ஃபேனின்ர சிவப்பு நாலாம் பின்னுக்கு, அது 5 வோல்ட். கறுப்பு ட்ரான்சிஸ்டரின்ர கலெக்டருக்கு. எமிட்டர் ஆறாம் பின்னுக்கு, அது கிரவுண்ட். ஜிபிஐஓ 14 எண்டது எட்டாம் பின், அதில இருந்து 1 கிலோ ஓம் வழியா பேஸுக்கு. டயோட் ஃபேனுக்குக் குறுக்கால, கோடு போட்ட பக்கம் சிவப்புக்கு. கோடு மாறினா ட்ரான்சிஸ்டர் ஓன் ஆனதும் டயோட் வழியாச் சொட் ஆகும், ரெண்டும் போயிடும். இந்த ட்ரான்சிஸ்டர்களுக்குக் கால் ஒழுங்கு மாறி மாறி வரும், அதால மல்டிமீட்டரில டயோட் சோதனை வச்சு பேஸையும், டேட்டாஷீட்டில மற்ற ரெண்டு காலையும் பார்த்திட்டு சோல்டர் பண்ணுங்க. மெனு தானாத் தாற 80 பாகையை விட்டுடாதீங்க. அது போட் வேகம் குறைக்கிற அதே எல்லை. 60 குடுங்க.

காத்துத் திசையும் இங்கயே சொல்லிடுறன். ஸ்டிக்கர் ஒட்டின பக்கத்தாலதான் காத்து வெளிய வரும். ஸ்டிக்கர் ஹீட்சிங்கைப் பார்த்தா ஊதும், மற்றப் பக்கம் பார்த்தா உறிஞ்சும். ஹீட்சிங்கை ஒட்டி இருக்கிற சின்ன ஃபேனுக்கு ஊதுறதுதான் நல்லம், ஆனா நாலைஞ்சு மிமீ தள்ளி வையுங்க, மோட்டருக்கு நேர கீழ காத்து விழாது, சிப் இருக்கிறதே அந்த நடுவிலதான். பேரிங் கேட்டு வாங்குங்க. மலிவு ஃபேன் சிலீவ் பேரிங், நம்மட சூட்டுக்கு எண்ணெய் காய்ஞ்சு கரகரக்கும். போல் பேரிங் 40க்கு 40க்கு 10 மிமீ ஃபேன் 30ஐ விட மெதுவாச் சுத்தியே அதே காத்தைத் தரும், சத்தமும் குறைவு.

தோணா, பாசிக்குடா

சோல்டர் காக்கா சொன்னதெல்லாம் உள்ளூருக்குச் சரி. கடலோரம் எண்டால் ஃபேனே வேண்டாம்.

வாடை பெயர்ந்த நேரம் திறந்த ஒரு பெட்டி. ஃபேன் உள்ளுக்கு இழுத்த உப்பு, ஹீட்சிங்கின்ர செட்டை எல்லாம் வெள்ளைப் பொடி. ஒட்டு டேப்பில நிண்ட செப்பு ஹீட்சிங்கைச் சுத்தி போட்டில பச்சை. யூஎஸ்பி வாய் துரு. பக்கத்துப் பெட்டியில ஃபேன் இல்லை, மூடின அலுமினியம் கேஸ், கேஸில இருந்து சிப்புக்குத் தூண் இறங்கினது. அது 71 பாகையில நிண்டது, உள்ளுக்கு ஒரு பொட்டு உப்பில்லை.

காத்துத்துவாரம் விட்டாலும் குளவி விடாது. ரெண்டு கிழமையில மண் வச்சு அடைச்சிடும். அலுமினிய நுளம்பு வலையை உள்பக்கமா ஒட்டுங்க, ஆனால் வலை காத்தைக் குறைக்கும், துவாரத்தை இரட்டிப்பா வெட்டோணும். மூடின உலோகக் கேஸில வைஃபை பலவீனமாகும், வயர் இழுக்க ஏலுமெண்டால் இழுங்க.

செப்புதான் சிறந்தது எண்டு ஆரும் வந்தா நம்பாதீங்க. செப்பு அலுமினியத்தை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கடத்தும், உண்மை. ஆனால் 15 மிமீ கட்டியில உலோகத்துக்குள்ள போற சூடு தடையே இல்லை, காத்துக்கு ஏறுற இடம்தான் தடை. பரப்பளவு கூடின அலுமினியம் சின்னச் செப்பை வெல்லும். உப்புக் காத்தில செப்பும் அலுமினியமும் ஒண்டை ஒண்டு தொட்டால் அலுமினியம் கரையும்.

சந்தையடி, ஏறாவூர்

எல்லாரும் சூடு சூடு என்டு கதைக்கிறீங்க. இந்தப் போட்டைப் பாருங்க: ரெண்டு ஃபேன் மாத்தி, மூணாவதா டவர் கூலரும் வச்சது. அப்பவும் இடைக்கிடை இழுபட்டது. சூடு 58. வேகம் ஏன் குறைஞ்சது என்டு காட்டுற vcgencmd get_throttled கட்டளை குடுத்தா 0x50000.

அந்த எண் சூட்டைப் பத்தினதே இல்ல. 50000 என்டா வோல்ட் குறைஞ்சு, அதால வேகம் குறைஞ்சது. முன்னுக்கு நிக்கிற இலக்கம் நடந்து முடிஞ்சது, கடைசி இலக்கம் இப்ப நடக்கிறது. 50005 என்டா இப்பவும் நடக்குது. சூட்டால வந்ததென்டா முன் இலக்கம் 5 வராது, 8 அல்லது e மாதிரி வரும். 5 வோல்ட் 4.63 கிட்ட இறங்கினாலே இது விழும். போன் சார்ஜரும் ஒரு மீட்டர் மெல்லிய வயரும்தான் காரணம், ஃபேன் வேற அதிலயே குடிக்குது. பை 4க்கு 5.1 வோல்ட் 3 அம்பியர், பை 5க்கு 5 அம்பியர். ஃபேன் வாங்க முதல் இந்தக் கட்டளையை அடிச்சுப் பாருங்க, காசு மிச்சம்.

தோணா அண்ணே, உங்கட 71 எத்தனை நிமிச வேலைக்குப் பிறகு? மூடின கேஸ் மெதுவாத்தான் சூடேறும், பத்து நிமிசத்தில பார்த்தா எல்லாக் கேஸும் நல்ல கேஸ். சிப்பை முழு வேலையில வைக்கிற ஸ்ட்ரெஸ்-என்ஜி (stress-ng) நிரலை நாலு கோருக்கும் குடுத்து 30 நிமிசம், பகல் ரெண்டு மணிக்கு, மூடியைப் பூட்டி வச்சுப் பார்க்கோணும்.

பாலத்தடி, கல்லடி

1 மிமீ பேட் போட்டு, போட்டையும் நூல்கடைத் தம்பி சொன்ன மாதிரி மேசை உயரத்துக்கு இறக்கியாச்சு. ஏறாவூராரின்ர சோதனை, 30 நிமிசம், ரெண்டு மணி வெயில்: 66. கேஸ் இப்ப கை வைக்க ஏலாத சூடு.

பை 5 வச்சிருக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு. அக்டிவ் கூலர் 50ல தொடங்கி, 45க்கு இறங்கினாத்தான் நிக்கும். நம்மட அறையில சும்மா கிடக்கேக்கயே அந்த எல்லையைச் சுத்தித்தான் இருக்கும், நாள் முழுக்க ஃபேன் எழும்பி எழும்பிப் படுக்கும். config.txt கோப்பில dtparam=fan_temp0=60000, dtparam=fan_temp1=65000 எண்ட ரெண்டு வரியையும் போட்டு (60000 எண்டது 60 பாகை) ரீபூட் பண்ணுங்க. மேல இருக்கிற 67500, 75000 எண்ட ரெண்டு எல்லையையும் தொட வேண்டாம்.