விசாவுக்கான இங்கிலீஷ் பரீட்சையை நாமளே ஏன் நடத்தக் கூடாது?

தண்டையார்பேட்டை டியூட்டர்:
பதினொரு வருஷமா மாடியில ரெண்டு ரூம்ல ஐஈஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் பரீட்சைக்குக் கோச்சிங் நடத்துறேன். ஸ்டான்லியில டியூட்டி முடிச்சு நேரா கிளாஸுக்கு வர்ற நர்ஸுங்க, மணலி, எண்ணூர்ல வேலை பாத்த வெல்டருங்க, எல்லாரும் வர்றாங்க. பிரிட்டன் விசாவுக்கு பரீட்சை நடத்துற அங்கீகாரம் மட்டும் விரல் விட்டு எண்ணுற நிறுவனங்ககிட்ட இருக்கு. ஆஸ்திரேலியா 2025 ஆகஸ்ட்ல செல்பிப், லாங்குவேஜ்சர்ட், மிஷிகன்னு மூணு பரீட்சையைப் புதுசா விசாவுக்கு ஏத்துக்குற பட்டியல்ல சேத்துச்சு. நம்ம பல்கலைக்கழகமோ, கோச்சிங் சென்டருங்க சேர்ந்த சங்கமோ அந்த அங்கீகாரத்தைக் கேட்டா என்ன தப்பு?

பெரம்பூர் நர்ஸ்:
பல்கலைக்கழகம் கேக்கட்டும் சார். கோச்சிங் சென்டர் சங்கம் வேண்டாம். பாடம் சொல்லித் தர்றவங்களே மார்க் போட்டா அந்த மார்க்கை எந்த விசா ஆபீஸர் நம்புவாரு? 2014-ல பிபிசியோட பனோரமா நிகழ்ச்சி காட்டுச்சே: டோயிக்ங்கிற இங்கிலீஷ் பரீட்சையில ஆள்மாறாட்டம், ஹால்ல நின்னு விடையைப் படிச்சுக் காட்டுன சூப்பர்வைசர். அப்புறம் 33,000-க்கு மேல ரிசல்ட் செல்லாதுன்னு ஆச்சு. தப்பே பண்ணாத பிள்ளைங்களும் அதுல மாட்டி, வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க.

தண்டையார்பேட்டை டியூட்டர்:
அந்த மோசடி நடந்தது பிரிட்டனுக்குள்ள இருந்த சென்டர்லம்மா, நம்ம ஊர்ல இல்ல. இன்னொண்ணு, ஐடிபி மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சி. ஐஈஎல்டிஎஸ்ல கூட்டுச் சொந்தக்காரரும் அதேதான். அவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

பெரம்பூர் நர்ஸ்:
அது நியாயமான கேள்வி, ஒத்துக்கிறேன். ஆனா வினாத்தாள் மட்டும் போதுமா சார்? ஒவ்வொரு கேள்வியும் ஆரம்ப நிலையான ஏ1-ஆ, அதுக்கு மேல இருக்கிற பி2-வான்னு ஆயிரக்கணக்கான பேர்கிட்ட சோதிச்சு நிரூபிக்கணும். உள்ள வர்றவங்க அடையாளத்தைச் சரிபாக்கணும், கேமரா பதிவு வெச்சிருக்கணும், விசா ஆபீஸர் பரீட்சை நம்பரைப் போட்டா ரிசல்ட் வந்து நிக்கணும். ரெண்டு ரூம்ல இது ஆகாது.

ராயபுரம் பொண்ணு:
ஒரு நிமிஷம். நான் பிரிட்டன்ல இருக்கிற புருஷன்கிட்ட போறதுக்கு லைஃப் ஸ்கில்ஸ் ஏ1-ங்கிற பரீட்சை எழுதினேன். பேசுறதும் கேக்குறதும் மட்டும்தான், இருபது நிமிஷம்கூட இல்ல. எக்ஸாமினர் எதிர்ல ரெண்டு ரெண்டு பேரா உக்கார வெச்சாங்க. கூட வந்த அக்காவுக்குக் கை நடுங்கி, பேரைச் சொல்றதுக்கே திணறுனாங்க. மேஜைக்குக் கீழ அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். யார் நடத்துனாலும் சரி, எங்க ஏரியாவுல நடத்துங்க. அந்தக் காலை பதட்டத்துல ரெண்டு வண்டி மாறி போறது கொடுமை.

பெரம்பூர் நர்ஸ்:
அதைத்தான் சார் நீங்க கேக்கணும். அங்கீகாரம் அவங்ககிட்டயே இருக்கட்டும். ஹாலை மட்டும் இங்க கொண்டு வாங்கன்னு எழுதுங்க.

தண்டையார்பேட்டை டியூட்டர்:
ஹாலுக்கு எழுதுறேன், இந்த வாரமே. பல்கலைக்கழகத்துக்கும் சேத்தே எழுதுவேன்மா, அதை விட மாட்டேன்.