நிலைக்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி: உங்கள் அனுபவம் என்ன?

தென்காசிக்காரன்:
படம் முடிந்ததும் 3டி கண்ணாடியைக் கழற்றாமலே கை கழுவப் போனேன். எதிரே நிலைக்கண்ணாடி. ஏதோ தோன்றி இடது கண்ணை மூடினேன். மூடிய கண் தெளிவாகத் தெரிகிறது, பார்த்துக்கொண்டிருக்கும் வலது கண் இருக்கும் இடத்தில் மட்டும் கன்னங்கரேலென்ற வட்டம். கண்ணை மாற்றினால் கறுப்பும் மாறுகிறது. இரண்டு வருடமாகியும் மறக்கவில்லை.

கோவை வாசகி:
எனக்கு நேர் எதிர், அண்ணா. கண்காட்சியில் கொடுத்த அட்டைக் கண்ணாடியில் மூடிய கண்தான் கறுத்தது. நீங்கள் மாற்றி ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்.

பழைய லேப் மாணவன்:
இரண்டும் சரிதான். ஒளியின் அதிர்வை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவருவதுதான் தளவிளைவு. அண்ணன் போட்டிருந்தது வட்டத் தளவிளைவு வகை, அதில் அதிர்வுத் திசை சுழன்றுகொண்டே போகும். வலஞ்சுழியாகப் போன ஒளி நேராகப் பட்டுத் திரும்பும்போது இடஞ்சுழியாகிவிடும், புறப்பட்ட வில்லையே அதைத் தடுத்துவிடும். அட்டைக் கண்ணாடி, அதிர்வு ஒரே கோட்டில் இருக்கும் நேர்கோட்டு வகையாக இருந்திருக்கும். அதில் அதிர்வுத் திசை மாறாமல் திரும்புகிறது, அதே வில்லை வழிவிடும்.

எம்.எஸ்சி. புராஜெக்டில் லேசரை இரண்டு அலுமினியக் கண்ணாடிகளால் மடக்கிக் கொண்டுவந்தேன். அவற்றுக்கு முன்னால் முதல் போலராய்டு, அதாவது ஒளியை ஒரே திசையில் அதிரவைக்கும் தகடு, 45 டிகிரியில். கடைசியில் வைத்த இரண்டாவது போலராய்டை, அதாவது அனலைசரை, எப்படிச் சுற்றினாலும் சுவரில் அந்தச் சிவப்புப் புள்ளி மங்குமே தவிர அணையாது. மூன்று நாள் போலராய்டையே சந்தேகப்பட்டேன். காரணம் கண்ணாடிகள்தான். ஒளி சாய்வாக விழும்போது, விழுதளத்துக்கு (விழும் கதிரும் திரும்பும் கதிரும் இருக்கும் தளம்) இணையான அதிர்வுக்கும் செங்குத்தான அதிர்வுக்கும் உலோகத்தில் வெவ்வேறு கட்ட மாற்றம், அதாவது அலையின் ஏற்ற இறக்கம் வெவ்வேறு அளவில் தள்ளிப்போகும். நேர்கோடு நீள்வட்டமாகிவிடுகிறது. முதல் போலராய்டைச் செங்குத்தாகத் திருப்பினேன். ஒரு அதிர்வு மட்டுமே மிஞ்சியதால் நேர்கோடு நேர்கோடாகவே வந்தது, அனலைசரைச் சுற்றியதும் புள்ளி அணைந்தது.

கேமராப் பிரியன்:
லேப் நண்பர் சொன்னது உலோகப் பூச்சுக்கு மட்டும். பூச்சில்லாத சன்னல் கண்ணாடி வேறு. அதில் சுமார் 56 டிகிரியில் பட்டுத் திரும்பும் ஒளி முழுக்க ஒரே திசையில் அதிரும். 1808இல் பாரிஸில் பிரெஞ்சு இயற்பியலாளர் மாலுஸ், லக்சம்பர்க் அரண்மனைச் சன்னலில் பட்ட அந்தி வெயிலைப் படிகம் வழியாகப் பார்த்துக் கண்டுபிடித்தது இந்த விளைவைத்தான்.

கேமரா லென்ஸில் மாட்டும் தளவிளைவு ஃபில்டர் கேட்டபோது, கடையில் வட்ட வகை என்று சொல்லி எனக்கு நேர்கோட்டு ஃபில்டரைக் கொடுத்துவிட்டார்கள். வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். லென்ஸில் திருகும் மரை உள்ள பக்கத்தை நிலைக்கண்ணாடி பார்க்கப் பிடித்து, ஃபில்டர் வழியாகவே அதன் பிம்பத்தைப் பாருங்கள். கறுத்தால் வட்ட வகை. திருப்பிப் பிடித்தால் அதுவே தெளியும். இருபக்கமும் தெளிவாக இருந்தால் நேர்கோட்டு வகை. எஸ்எல்ஆர் கேமராவுக்குள் இருக்கும், பாதி ஒளியை மட்டும் திருப்பும் அரைப்பூச்சுக் கண்ணாடி நேர்கோட்டு வகையோடு சேர்ந்து ஒளி அளவீட்டைக் கெடுத்துவிடும்.

தென்காசிக்காரன்:
ஃபில்டர் வாங்கும் எண்ணமில்லை, தம்பி. ஆனால் நீங்கள் சொன்னபடி அந்த 3டி கண்ணாடியை இப்போது முன்பின்னாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். என் வலது கண் தெரிகிறது.