ஆமிஷ் பண்ணை: ஒன்பது பிள்ளைகள் இருக்க, கடைக்குட்டிக்கு மட்டும் எப்படிப் போகிறது?

குளிர்நாட்டுக்காரன்:

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து லான்காஸ்டர் கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. வாராவாரம் முட்டை வாங்குவது பக்கத்து ஆமிஷ் வீட்டில்தான் (கார் வைத்துக்கொள்ளாமல், குதிரை பூட்டிப் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவ சபைக்காரர்கள்). இந்தக் கோடையில் அந்த வீட்டோடு ஒட்டினாற்போல் இன்னொரு சின்ன வீடு எழும்பியது. யாருக்கு என்று கேட்டேன். "எனக்கும் வீட்டுக்காரிக்கும். பண்ணை கடைசிப் பையனுக்கு" என்றார் பெரியவர். பெரியவர் என்று சொல்கிறேனே தவிர, வயது 58தான். வைக்கோல் கட்டை ஒற்றைக் கையில் தூக்கிப் போடுகிற ஆள். பிள்ளைகள் மொத்தம் ஒன்பது.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் தாத்தாவின் நாலு மா நிலத்துக்கு இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் கேட்கிறேன். மூத்தவன் இருக்கக் கடைசிப் பையனுக்கு ஏன்? மற்ற எட்டுப் பேரும் சும்மா இருப்பார்களா? பத்திரம் யார் பெயரில் இருக்கும்?

பார்த்ததைச்சொல்பவன்:

அவர்களுக்கு எல்லாமே பொதுச் சொத்து. நிலம் சபை பெயரில் இருக்கும், பிஷப் சொல்கிறவர் உழுவார். அதனால் சண்டைக்கே இடமில்லை.

வேன்காரர்:

மேலே சொன்னது ஹட்டரைட்டுகள் கதை. மொன்டானா, தெற்கு டகோட்டா, கனடாப் பக்கம் கூட்டுப் பண்ணையாக வாழ்கிறவர்கள். ஆமிஷ்காரர்கள் அப்படி இல்லை. சொந்த நிலம், சொந்தப் பத்திரம், கவுண்டி அலுவலகத்தில் பதிவு. பெரும்பாலும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும். ஸ்விட்சர்லாந்திலும் அல்சேஸிலும் இவர்கள் முன்னோர்கள் பல இடங்களில் நிலம் வாங்க முடியாமல் குத்தகைக்கு உழுதவர்கள். 1700களில் இங்கே வந்த பிறகுதான் சொந்த நிலம். அதை லேசில் சபைக்குத் தூக்கிக் கொடுப்பார்களா?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் இவர்களுக்கு வேன் ஓட்டுகிறேன். கார் வைத்துக்கொள்ளக் கூடாதே தவிர ஏறிப் போகலாம். கல்யாணம், ஆஸ்பத்திரி, ஏலம் என்று கூட்டிப்போய் வருவதில் காதில் விழுந்ததுதான் எனக்குத் தெரிந்ததெல்லாம்.

தம்பி, முதலில் ஒன்று. அங்கே பண்ணை வாரிசுக்கு "வருவதில்லை". மகன் அதை அப்பாவிடம் விலை கொடுத்து வாங்குகிறான். அதுவும் அப்பா உயிரோடு, கை கால் நன்றாக இருக்கும்போதே.

கடைக்குட்டிக்கு ஏன் என்பது வயசுக் கணக்கு. மூத்தவன் 22 வயதில் கல்யாணம் செய்யும்போது அப்பாவுக்கு 45 இருக்கும். அவர் எங்கே போவார்? வீட்டில் இன்னும் ஆறேழு பிள்ளைகள். கடைசிப் பையன் கல்யாணத்துக்கு நிற்கும்போது அவருக்கு ஐம்பத்தைந்து, அறுபது ஆகிவிடும், ஒதுங்கத் தோதான வயது. இது சட்டமும் இல்லை, சபைக் கட்டளையும் இல்லை. நடுவில் பிறந்த பையன் எடுத்த பண்ணைகளும் தெரியும், மகளும் மருமகனும் எடுத்ததும் தெரியும்.

அந்த ஒட்டு வீட்டுக்குப் பெயர் டாடி ஹவுஸ். அவர்கள் பேசும் பென்சில்வேனியா டச்சில் (பெயர்தான் டச், உண்மையில் ஒருவகை ஜெர்மன்) டாடி என்றால் தாத்தா. (எனக்கு முதல் ஆறு மாதம் குழப்பம்தான். "டாடி வருவார்" என்பார்கள், எண்பது வயதுக்காரர் வந்து ஏறுவார்.)

போன வசந்தத்தில் ஒரு குடும்பத்தைக் கிரயத்துக்குக் கூட்டிப்போனேன். அப்பா, அம்மா, மகன், மருமகள், மடியில் கைக்குழந்தை. காலைக் கறவை முடித்து நேராக வந்தார்கள், மகனின் கோட்டில் மாட்டுக்கொட்டில் வாசம் அப்படியே இருந்தது. வக்கீல் ஆபீசில் காகிதம் காகிதமாகத் தள்ளினார்கள். அப்பா ஒவ்வொன்றையும் வாய்க்குள் வாசித்துத்தான் கையெழுத்துப் போட்டார். அம்மா வாசிக்கவே இல்லை, போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். முக்கால் மணி நேரத்தில் 62 ஏக்கர் கை மாறியது. திரும்பும் வழியில் தீவனக் கடையில் நிறுத்தச் சொன்னார்கள். மூட்டைக்குப் பணம் கொடுக்கப் பழக்கதோஷத்தில் அப்பா பையில் கை விட்டார், பிறகு எடுத்துக்கொண்டார். மகன் கொடுத்தான். வேனில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

என்ன விலை என்று நான் கேட்கவில்லை. இந்தப் பக்கம் நல்ல மண் ஏக்கர் இருபதாயிரம் டாலர் தாண்டி வெகுநாள் ஆகிறது. அந்த விலைக்கு வாங்கினால் நாற்பத்தைந்து மாட்டுப் பாலில் வட்டிகூடக் கட்ட முடியாது. அதனால் மகனால் தாங்கக்கூடிய விலையைத்தான் அப்பா சொல்வார். கொஞ்சம் பாங்குக் கடன், மீதியை அப்பாவுக்கே மாதத் தவணையாகக் கட்டுவது வழக்கம். அதுதான் அவருடைய பென்ஷன். சுயதொழில் செய்கிற ஆமிஷ்காரர்கள் சமூகப் பாதுகாப்பு வரி கட்டுவதில்லை, அதன் பென்ஷனும் கிடையாது. 1961இல் அந்த வரியைக் கட்டாத ஒரு விவசாயியின் மூன்று உழவுக் குதிரைகளை வரித்துறை பிடித்து விற்றது, நாடு முழுக்கப் பேச்சானது. 1965இல்தான் விலக்குக் கொடுத்தார்கள். ஆக, தவணையும் டாடி ஹவுஸும் இல்லாமல் கிழவர் ஒதுங்க முடியாது.

கணக்குப்பிள்ளை:

வேன்காரர் ஐயா சொன்னதோடு வரி விஷயம் கொஞ்சம். சந்தை விலைக்குக் கீழே விற்றால், விட்டுக்கொடுத்த தொகையை மத்திய வரிச் சட்டம் அன்பளிப்பாகப் பார்க்கும். ஆனால் ஆயுள்கால விலக்கு வரம்பு பெரிது, கணக்குக் காட்டினால் போதும், பெரும்பாலும் வரி வராது. பெற்றோர் பிள்ளைக்குள் கை மாறினால் பென்சில்வேனியாவில் பத்திர மாற்ற வரி கிடையாது.

இறந்த பிறகு பிள்ளைக்குப் போனால் மாநில வாரிசு வரி 4.5 சதவீதம். 2012க்குப் பிறகு குடும்பத்துக்குள் போகும் பண்ணைக்கு அதிலும் விலக்கு உண்டு, ஆனால் ஏழு வருடம் விவசாயத்திலேயே இருக்க வேண்டும். உயிரோடு விற்பதற்கு வரி காரணம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

குளிர்நாட்டுக்காரன்:

நன்றி ஐயா. ஆனால் மற்ற எட்டுப் பேர் விஷயத்தைத் தொடவில்லையே. ஒருவனுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்கு வயிறு எரியாதா?

வேன்காரர்:

எரியும். அவர்களும் மனிதர்கள்தானே. ஒரு மூத்த அண்ணன் நாலு மணி நேரப் பயணத்தில் தம்பிக்குப் போன விலையை ஒரு தடவைதான் சொன்னான், ஆனால் அவன் சொன்ன தொனி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோர்ட்டுக்குப் போகமாட்டார்கள், வழக்குப் போடுவது அவர்கள் வேதத்தில் ஆகாத காரியம். அதற்காக மனசில் கணக்கு இல்லை என்று நினைக்காதே.

பெற்றவர்களும் கணக்குப் பார்த்துத்தான் செய்கிறார்கள். ஒருவனுக்குக் கொட்டகை செய்யும் பட்டறை வைக்க முன்பணம். இன்னொருவனுக்கு வேறு பண்ணை வாங்கக் கைமாற்று. மகளுக்குக் கல்யாணத்தில் மேசை நாற்காலி, அலமாரி, சில வீடுகளில் கறவை மாடும். கிழவர் போன பிறகு மிச்சமிருக்கும் பணத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிப்பது வழக்கம், ஆண் பெண் வித்தியாசம் பார்ப்பதில்லை.

மண்ணை மட்டும் கூறு போடமாட்டார்கள், போட்டுப் பார்த்துவிட்டார்கள். முந்தைய தலைமுறைகளில் பண்ணைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தது உண்டு. குதிரையும் கோவேறு கழுதையும் வைத்து உழ ஐம்பது அறுபது ஏக்கர் போதும், ஆனால் அதையும் இரண்டாக்கினால் இரண்டு பேருமே பிழைக்க முடியாது. ஆமிஷ் ஜனத்தொகையோ இருபது வருடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது. லான்காஸ்டரில் இன்று பாதிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவர்களுக்கு விவசாயம் தொழிலே இல்லை. தச்சு வேலை, கட்டட வேலை, சந்தைக் கடை.

மண்தான் வேண்டும் என்கிறவன் ஊரை விட்டுப் போகிறான். 1991இல் இங்கிருந்து இண்டியானாவில் பார்க் கவுண்டிக்குப் போனார்கள், அங்கே ஏக்கர் விலை மலிவு. இன்னொரு வழியும் உண்டு. 1988இல் தொடங்கிய லான்காஸ்டர் ஃபார்ம்லேண்ட் டிரஸ்ட்டிடம், இந்த நிலத்தில் என்றைக்கும் மனை போடமாட்டோம் என்று எழுதிக் கொடுக்கலாம். அரசாங்கக் காசைத் தொடத் தயங்குகிறவர்கள்கூட அந்தத் தனியார் அமைப்பிடம் போகிறார்கள். அப்படி எழுதிக் கொடுப்பதற்கு அங்கே கிடைக்கிற பணம் கடனை அடைக்கவோ மற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ உதவும்.

அது சரி, உன் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் இந்த வருடம் செலரி எத்தனை வரிசை? கல்யாணச் சாப்பாட்டுக்கு அது கட்டாயம்.

குளிர்நாட்டுக்காரன்:

ஐயோ, ஆமாம்! ஏழு வரிசை. சூப்புக்கு இவ்வளவா என்று நினைத்தேன்.

வேன்காரர்:

அப்படியானால் நவம்பரில், ஒரு செவ்வாயோ வியாழனோ. அழைத்தால் போய் வா, பகல் முழுக்க ஆகும். நான் நாளை விடிகாலை நாலரைக்குப் பார்க் கவுண்டிக்கு வண்டி எடுக்க வேண்டும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். அண்ணன் வீட்டுக் களஞ்சியத்துக்குக் கூரை போட 62 ஏக்கர்க்காரத் தம்பி வருகிறான், கூட அப்பாவும்.