கேக்கில் விழுந்த தெப்பக்குளம்: கிராமா, மில்லியா?

போன கிறிஸ்துமஸுக்கு நடந்தது. லண்டனில் இருக்கும் என் நாத்தனார் ஒரு கேக் குறிப்பு அனுப்பியிருந்தார். எல்லாமே கிராமில். எண்ணெய் 200 கிராம், ட்ரீக்கிள் என்கிற கெட்டியான கறுத்த சீனிப் பாகு 300 கிராம். ட்ரீக்கிளுக்கு நான் பாளையங்கோட்டையில் எங்கே போக? உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, மண் போகத் துணியில் வடிகட்டி, திரும்பவும் வற்றவைத்துக் கையில் ஒட்டுகிற பதத்தில் பாகு எடுத்தேன். வீட்டில் தராசு கிடையாது. மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி இருந்தது. ரெண்டும் ஒண்ணுதானே என்று 200 கோடு வரைக்கும் எண்ணெய், 300 கோடு வரைக்கும் பாகு.

ஓவனுக்குள் நன்றாகத்தான் பொங்கி வந்தது. வெளியே எடுப்பதற்குள் நடுப்பகுதி அப்படியே உள்வாங்கிவிட்டது. சின்னக் கொழுந்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, கேக்குல தெப்பக்குளம் வெட்டியிருக்கிய?" என்றான்.

மறுநாள் எண்ணெய் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. 1 லிட்டர், பக்கத்திலேயே 910 கிராம். இத்தனை வருஷமாக வாங்குகிறேன், ஒருநாளும் வாசித்ததில்லை. அப்படியானால் நான் ஊற்றிய 200 மில்லி 182 கிராம்தான். சரி, அது போகட்டும். பாகுதான் காலை வாரியது. மிச்சப் பாகில் 150 மில்லியைத் தெருமுனைப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்தேன். பாத்திரம் போக 200 கிராமை ஒட்டி வந்தது. 300 கிராம் கேட்ட இடத்தில் 400 கிராம் பாகு! அவ்வளவு இனிப்பு கூடினால் நடுப்பகுதி எப்படி நிற்கும்?

* * *

மேலே எழுதியவர் வேறு, நான் தூத்துக்குடி. தராசு இருந்தும் ஏமாந்த கதை என்னுடையது. அதில் மில்லி என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரு கப் தேன், அதாவது 240 மில்லி வேண்டும். பொத்தானை அழுத்தி 240 வரும்வரை ஊற்றினேன். எதை ஊற்றினாலும் அந்தத் தராசு தண்ணீர் என்றே நினைத்துக்கொள்ளும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு கப் தேன் 340 கிராம் இருக்கும். நான் போட்டது 240 கிராம், முக்கால் கப்புக்கும் கீழே. பாலுக்கு அந்தப் பொத்தான் பரவாயில்லை, ஒரு கப்பே 247 கிராம்தான். மக்ரூனுக்கு முட்டை வெள்ளையை நான் எண்ணிக்கையில் எடுப்பதே இல்லை. முட்டைக்கு முட்டை பெரிதும் சிறிதுமாக வருகிறது. எடைதான்.

* * *

நான் மூன்றாவது ஆள். நாசரேத்தில் எங்கள் ஆச்சி மாவு, சீனி, நெய் எல்லாவற்றையும் ஒரே உழக்கால் அளப்பாள். கிராமும் தெரியாது, மில்லியும் தெரியாது, கேக்கு மட்டும் தப்பாது. எல்லாம் அதே உழக்கு என்பதால் விகிதம் மாறுவதில்லை. பாதியை உழக்கிலும் பாதியை 250 மில்லி கப்பிலும் அளந்து கெடுத்தவள் நான்தான்.

* * *

முதலில் எழுதியவள்தான் திரும்பவும். இந்த வருஷம் தராசு வாங்கியாச்சு. மாவுப் பாத்திரத்தையே அதன்மேல் வைத்து, சுழியாக்கிவிட்டு நேரே பாகை ஊற்றுகிறேன். ஜாடியில் பாதி ஒட்டிக்கொண்டு நிற்கிற வேலை இல்லை. குளம் விழுந்த கேக்கை என்ன செய்தீர்கள் என்று கேட்டவருக்கு: குழியில் மிச்சப் பாகையும் வறுத்த முந்திரியையும் நிரப்பிக் கொழுந்தனிடமே நீட்டினேன். தட்டு காலியாகத்தான் திரும்பி வந்தது.